மூன்றாம் எண் வீட்டு மின்சாரம்

இதை யாரோ சொல்லிக் கேட்டு நான் சொல்லவில்லை. நெவேனா என் வீட்டுக்கு நேர் மேலே, எட்டாவது மாடியில் இருப்பவள். நடந்ததை மறுநாளே என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள்.

தலைநகர் சோஃபியாவுக்குப் பக்கத்தில் எங்கள் சுரங்க ஊர். குறைந்த வாடகைக் குடியிருப்பு. போன ஏப்ரலில்தான் நெவேனா குடிவந்தாள். புருஷன் ஓக்னியனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் சோஃபியாவில் டயாலிசிஸ். அதற்காகவே ஒரு பழைய மின்சாரக் கார் வாங்கியிருந்தாள். எட்டாவது மாடியிலிருந்து ஒயர் எட்டாது. முற்றத்தில் சார்ஜர் வைக்கச் சொல்லி மூன்று மனு கொடுத்தும் நிர்வாகம் அசையவில்லை. கடைத்தெரு சார்ஜர்தான் கதி.

டிசம்பர் பதினேழு. அந்தச் சார்ஜர் பழுது. பனியில் பஸ் நின்றுவிட்டது. ஆம்புலன்சைக் கூப்பிட்டால் காத்திருக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே ஒரு முறை டயாலிசிஸ் தவறிப்போய், ஓக்னியனுக்குக் கால் வீங்கி மூச்சு இரைத்தது. காரில் நாலு சதவீதம்தான் சார்ஜ்.

மாலை 5.10. ஒயரைத் தூக்கிக்கொண்டு தரைத்தள வீடுகளைத் தட்டினாள். அங்கே குடியிருக்கும் கின்கா மட்டும் கதவைத் திறந்தாள்.

"வண்டி பத்திக்கிச்சுன்னா நாங்க கருகிடுவோம்மா. என்னைக் கேக்காத."

மற்றக் கதவுகள் திறக்கவேயில்லை. காருக்குப் பக்கத்தில் பனியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

டக்... டக்...

மூன்றாம் எண் வீட்டு ஜன்னல் திறந்தது. உள்ளே இருட்டு. ஓர் ஆண் குரல்.

"ஒயரைக் குடும்மா."

ஒரு கை வாங்கிக்கொண்டது. கையுறையைத் தாண்டியும் சில்லென்றது.

"எங்க போகணும்?"

"விடியக்காலைல ஆஸ்பத்திரிக்குய்யா. அவருக்கு மூச்சு முட்டுது."

ஒயர் உள்ளே நீண்டு போனது.

"நானும் வரேன்."

"வாங்கய்யா." அந்த நேரத்தில் யார் என்ன கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பாள்.

5.42. காரில் பச்சை விளக்கு எரிந்தது. அந்த வீட்டில் எந்த விளக்கும் எரியவில்லை.

காலை 5.30. எண்பத்தொரு சதவீதம். ஒயர் சுருட்டிக் காரின் மேல் வைக்கப்பட்டிருந்தது. ஜன்னல் மூடியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். ஜன்னலையும் தட்டினாள்; யாரும் வரவில்லை. ஓக்னியனை முன்சீட்டில் சாய்த்துவிட்டுக் கிளம்பினாள்.

5.41.

டிங்... டிங்... டிங்...

பின்சீட்டு பெல்ட் போடவில்லை என்றது கார்.

திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. ஆனால் சீட் அமுங்கியிருந்தது...

ஓக்னியன் கண்ணைத் திறக்காமலே கேட்டான். "பின்னாடி யாரு... இப்படி மூச்சு வாங்குறது?"

அவளுக்கும் கேட்டது.

வண்டியை நிறுத்தினால் புருஷன் பிழைக்கமாட்டான்.

நிறுத்தவில்லை.

"பெல்ட்டப் போட்டுக்குங்கய்யா," என்றாள்.

கிளிக்.

சத்தம் நின்றது.

6.21. ஆஸ்பத்திரி வாசல். பின்கதவு தானாகத் திறந்தது... மூடியது. எதிரே அவசரப் பிரிவின் கண்ணாடிக் கதவுகள் யாருக்கோ விலகின.

ஓக்னியன் பிழைத்தான்.

மூன்றாம் எண் வீட்டுக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டும், அவர் பெயர் என்ன என்று என்னிடம் கேட்டாள்.

மெதோடி. போன பிப்ரவரியில், இதே மாதிரிப் பனியில், மூச்சு முட்டி ஆம்புலன்சைக் கூப்பிட்டார். நாலு மணி நேரம் அந்த ஜன்னலோரத்தில் காத்திருந்தே செத்துப்போனார்.

வீட்டைப் பூட்டி சீல் வைத்தார்கள். கரண்ட் மீட்டரையும் அன்றைக்கே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.