சாரலில் நகராத நாலு கிளிக்

வெயிலில் சரிபார்த்து வைத்த துப்பாக்கி ஸ்கோப் குளிரிலும் சரியாக இருக்குமா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். விடை எனக்கு நன்றாகத் தெரியும். அது தெரிந்த விதத்தைச் சொல்லத்தான் வாய் வருவதில்லை.

நான் போலீஸில் துப்பாக்கி பழுது பார்க்கிறவன். ஆர்மரர் என்பார்கள். எனக்கு ஒரு கூட்டாளி உண்டு, என்னோடு ஒரே பேட்சில் பயிற்சி முடித்து, என்னோடு தென்காசிக்கு வந்தவன். குறிபார்த்துச் சுடுவதில் எங்களுக்குள் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாநிலப் போட்டிக்குப் போகும் அணியில் ஒருமுறையாவது இடம்பிடித்துவிட வேண்டும் என்பது அவனுக்கு வெறி. அந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும்.

சித்திரையில் அவன் துப்பாக்கியின் ஸ்கோப்பை, குறி பார்க்க மேலே மாட்டுகிற தொலைநோக்கியை, என்னிடம் கொண்டுவந்தான். மேல் குமிழ் கரகரவென்று இருந்தது. அந்தக் குமிழை ஒரு கிளிக் திருகினால் உள்ளே குறுக்குக் கோடு மயிரிழை நகரும். குண்டு விழும் இடமும் கூடவே நகரும். அதற்குப் போடுகிற மெல்லிய கிரீஸ் எங்கள் கிடங்கில் தீர்ந்துபோயிருந்தது. எழுதிக் கேட்டு வாங்க எனக்குப் பொறுமை இல்லை. என் பைக்குக்கு வாங்கி வைத்திருந்த கெட்டி கிரீஸைக் குச்சி நுனியில் எடுத்துத் தடவினேன். குமிழ் வழுக்கிக்கொண்டு சுற்றியது. தார் ரோடு இளகுகிற மத்தியான வெயிலில் அவனைச் சுடவைத்துப் பார்த்தேன். ஐந்து குண்டும் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள் விழுந்தன.

"மாப்ள, நீ கை வச்சா வச்சதுதாம்லே!" என்று முதுகில் அடித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனி பிறந்ததும் சாரல் இறங்கிவிட்டது. அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வுக்கு இடம் குறித்தது குற்றாலத்துப் பக்கம் மலையடிவாரத்தில். காலை ஏழு மணிக்கு மலை இருக்கிற இடமே தெரியவில்லை. போட்ட காக்கிச்சட்டை காயவே மாட்டேன் என்றது. துப்பாக்கிக் குழாயைத் தொட்டால் விரல் விறைத்தது.

முதல் குண்டு கொஞ்சம் கீழே போனது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. குளிரில் தோட்டாவின் மருந்து சற்று மந்தமாக எரியும், குண்டு தாழும். எங்களுக்கு இது பாலபாடம். அவன் இரண்டு கிளிக் மேலே திருகினான். அடுத்த குண்டும் கீழேதான். இன்னும் இரண்டு கிளிக் திருகினான். அப்போதும் அசையவில்லை. அதற்கடுத்த குண்டு சொல்லாமல் கொள்ளாமல் ஒரேயடியாக மேலே ஏறிவிட்டது. நடுவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். அவன் என்னைக் கூப்பிட்டான்.

"ஏலே, இங்கன வா. நா திருக்குதேன், கிளிக்குச் சத்தம் கேக்குது, கோடு நகர மாட்டேங்குது. பொறவு அதுவாத் தாவுது. குளுருக்கு ஸ்கோப்பு என்னமோ பண்ணுதுலே."

பக்கத்தில் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். "என்ன ஆர்மரர், ஸ்கோப்புல கோளாறா?" என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு அந்தக் கிரீஸ் டப்பா ஞாபகம் வரத்தான் செய்தது. வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப்பொய். "அதெல்லாம் பக்காவா இருக்கு சார்" என்றேன். அதோடு என் வாய் நின்றிருக்கக் கூடாதா? அவன் பக்கம் திரும்பி, "ஸ்கோப்பக் குறை சொல்லாதலே. போயி ஒன் கண்ணக் காட்டு. வயசு ஆவுதுல்லா" என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நான் நக்கலடித்தால் சிரிக்க எப்போதும் நாலு பேர் உண்டு. என்னைக் கெடுத்ததே அந்தச் சிரிப்புதான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. என் பேச்சை நம்பிவிட்டான். மிச்சக் குண்டுகளுக்கெல்லாம் கண்ணைக் கசக்கிக் கசக்கிச் சுட்டான். ஒன்றும் தேறவில்லை.

மறுவாரம், அதேபோல் சாரலடித்த ஒரு காலையில், அந்த ஸ்கோப்பைக் கிடங்கு ஜன்னலோரம் வைத்துச் சோதித்தேன். நாலு கிளிக் திருகினேன். கோடு நின்ற இடத்திலேயே நின்றது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெல்ல ஒரு தட்டு தட்டினேன். கோடு குதித்தது. துப்பாக்கி வெடிக்கிற அதிர்விலும் இதேதான் நடந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால் என் பைக் கிரீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது.

தேர்வானவர்களின் பட்டியல் அப்போது அதிகாரியின் மேஜையில்தான் இருந்தது. இன்னும் இரண்டு நாள் கழித்துத்தான் மேலே போக வேண்டும். எழுந்து நாலு எட்டு நடந்து சொல்லியிருந்தால் அவனை மறுபடி சுடவிட்டிருப்பார்கள். 'பைக் கிரீஸையா போட்டே?' என்று ஒரு கேள்வி வரும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, ஸ்கோப்பைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து, பழையபடி பூட்டி வைத்துவிட்டேன். சீ, நானும் ஒரு மனுஷன்!

அவன் கண் டாக்டரிடம் போனான். இத்தனூண்டு பவர் இருந்ததாம். அந்த வயதில் யாருக்குத்தான் இருக்காது? கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தவனுக்குக் 'கண்ணாடி' என்றே பட்டப்பெயரும் வைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு அவன் துப்பாக்கி சுடும் பக்கமே வரவில்லை.

போன சீசனில் ஐந்தருவியில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் பந்தோபஸ்து. குளிக்க வருகிற கூட்டத்தைக் கயிறு கட்டி வரிசையில் விடுகிற வேலை. நடுவில் டீக்கடையில் ஒதுங்கினோம். மிளகாய் பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

"ஒரு வகையில நீ அன்னைக்குச் சொன்னது நல்லதாப் போச்சு மாப்ள. இல்லன்னா, கண்ணு போனது தெரியாம ஸ்கோப்பக் குறை சொல்லிக்கிட்டே திரிஞ்சிருப்பேன்."

கையிலிருந்த டீயைப் பெஞ்சில் வைத்தேன். இதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "ஒன் கண்ணு இல்லலே. எல்லாம் நா போட்ட கிரீஸு" என்று ஆரம்பித்து, பைக் கிரீஸைத் தடவிய கதையைக் கொட்டிவிட்டேன். கன்னத்தில் நாலு அறை விடுவான் என்று நினைத்தேன். விட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவன் கண்ணாடியைக் கழற்றி, அதில் கிடந்த சாரல் துளிகளைச் சட்டை நுனியால் துடைத்தான்.

"எப்பம் தெரிஞ்சுது ஒனக்கு?"

"மறுவாரம்."

"லிஸ்ட்டு போறதுக்கு முன்னயா, பொறவா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் வந்துகூட விட்டது.

"முன்ன" என்றேன்.

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். விசிலைக் கையில் எடுத்தான். "டீ ஆறுது பாருங்க, ஆர்மரர்" என்றுவிட்டுக் கூட்டத்துக்குள் போனான். பதினெட்டு வருஷப் பழக்கத்தில் அவன் என்னை அப்படி மரியாதை போட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறான்.