ரூபாயில் கேட்ட வாடகை

கனடாவில், ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மன்ற்றில், நிலத்துக்குக் கீழுள்ள தளத்தில், நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். மேல்மாடியில் குடியிருந்த வீட்டுக்கார அண்ணை அப்போது யாழ்ப்பாணத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அங்கே என் மனைவியின் பெயரில் ஒரு கடை இருந்தது. அதன் வாடகை ஊரிலேயே சேர்ந்துகொண்டிருந்தது. இதை அறிந்த அண்ணை, "உங்கட வாடகைக் காசை அங்க ரூபாயில என்ர வீட்டைக் கட்டிற மேசனிட்டைக் குடுத்துவிடுங்கோ" என்றார். மாதம் எத்தனை ரூபாய் என்றும் அவரே சொன்னார். மனைவியின் தம்பி தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்தான்.

பிறகு ரூபாயின் மதிப்பு விழுந்தது. சில மாதங்கள் பொறுத்துப் பார்த்த அண்ணை ஒருநாள் கீழே வந்தார்.

"தங்கச்சி, நீங்கள் குடுத்த காசு டொலரில பாத்தா அரைவாசிதான் வருது. போன மாசங்களின்ர மிச்சத்தை இங்க தாங்கோ."

அந்த வாடகைக்கு ஸ்காபரோவில் வேறு வீடு கிடைக்காது. மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்.

"வாற மாசத்தில இருந்து வீட்டுக்கு வரேக்க கதைச்ச டொலர் வாடகையையே தாறம், அண்ணை. போனது போனதுதான். ரூபாயில கேட்டது நீங்கள். ரூபாய் ஏறியிருந்தா எங்களுக்குத் திருப்பித் தந்திருப்பியளோ?"

அவர் படியேறிப் போனார். வாடகைப் பாக்கி இருக்கிறது, எங்களை வீட்டைவிட்டு எழுப்ப வேண்டும் என்று வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் சபையில் மனுப் போட்டார்.

விசாரணை காணொளியில் நடந்தது. நான் பேசுவதாகச் சொன்னேன். என் ஆங்கிலம் அவளுடையதைவிடக் கொஞ்சம் திருத்தம்.

"நீங்கள் பயத்தில மன்னிப்புக் கேட்டுப்போடுவியள். நான் கதைக்கிறன்" என்றாள்.

டோனட் கடையில் நின்று பழகிய ஆங்கிலம் அவளுடையது. இலக்கணம் அங்கங்கே தடுக்கியது, அவள் தடுமாறவில்லை. அண்ணை எங்களிடம் சொன்னதையும் நாங்கள் கொடுத்ததையும் அப்படியே வரிசையாகச் சொன்னாள். விசாரித்த அதிகாரி, அண்ணையிடம் ரூபாயில் கேட்டது யார் என்று கேட்டார். அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான்தான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

நாங்கள் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை, வீட்டிலும் இருக்கலாம் என்று தீர்ப்பு வந்தது.

அண்ணை கொஞ்சநாள் முகம் பார்க்கவில்லை. பிறகு வாசலில் பனி தள்ளிக்கொண்டு நின்றவர், என்னைக் கண்டதும் நிறுத்தினார். "உம்மட மனிசி நல்லாத்தான் கதைச்சவா" என்றார்.

"ஓம் அண்ணை" என்றேன். அந்தக் கிழமை முழுக்க வேலையிடத்தில் அகப்பட்டவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். தமிழ் தெரியாத சூப்பர்வைசருக்கு இரண்டு தடவை.