பொன்னுரங்கத்துக்கு மிஞ்சிய மூன்று அங்குலம்

ராஜா அண்ணாமலைபுரத்தை வானத்திலிருந்து படமெடுத்து, எந்தெந்த வீடு எப்போது விழும் என்று ஜெர்மனியில் பட்டியல் போட்டுவிட்டார்களாம். மின்சார ரயிலில் யாரோ சொன்னதை என் அத்தை பிள்ளை கிச்சா தொலைபேசியில் சொன்னான். என் அக்கா ஜானுவின் வீடு அங்கேதான். அந்தப் படங்களை ஒப்பிடுவது இங்கே மியூனிக்கில் என் பிழைப்பு.

பட்டியல் எதுவும் கிடையாது. செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் அலை கட்டடங்களில் பட்டுத் திரும்பும். இரண்டு வருட இடைவெளியில் எடுத்தவற்றை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், தரை இறங்கிய இடத்தில் வண்ண வளையம் தெரியும். ஜானுவின் வீட்டு வரிசைமேல் ஒரு வளையம் இருந்தது. ஈரக் காற்றும் இப்படி ஏமாற்றும். அதனால் 1998 செப்டம்பரில் பொன்னுரங்கத்திடம் வீட்டை நேரில் பார்க்கச் சொன்னேன்.

அவர் சைதாப்பேட்டைக் கொத்தனார். அந்த வீட்டை 1974-ல் கட்டியவர். தான் கட்டிய வீடுகளை வருடம் ஒருமுறை போய்ப் பார்ப்பார். காய்ச்சல் பார்ப்பதுபோலச் சுவரில் உள்ளங்கை வைத்து நிற்பார். "ஊரான் செவுத்துக்கு இன்னா வைத்தியம்? நம்மூட்டுக் கூர ஒயுகுது" என்று மனைவி தேவானை கேலி செய்வாளாம்.

"வாசல்ல மூணு படி வச்சேன் சார். இப்ப ரெண்டுதான் கீது" என்றார் ஜானு வீட்டுப் போனில்.

பின்னாலிருந்து ஜானு கத்தினாள்: "ரோடு ஒசந்துடுத்துடா! தார் மேல தார் போட்டுண்டே இருக்கான். ஆத்துக்கு ஒண்ணும் ஆகலை. அங்க உக்காந்துண்டு வளையத்தைப் பாத்துப் பயப்படாதே."

படி புதைந்தால் சென்னையில் எல்லோரும் தெருவைத்தான் குறை சொல்வோம். ஆனால் அந்த வாரம் குழாய் பதிக்கத் தெருவை வெட்டியிருந்தார்கள். பொன்னுரங்கம் பள்ளத்தில் இறங்கித் தார் அடுக்கை அளந்துவிட்டு வந்தார்.

"பொதஞ்ச படி ஏழு அங்குலம் சார். தாரு நாலுதான் கீது."

மிச்சம் மூன்று. அவ்வளவும் வீடு இறங்கியது.

"ரோடு பழைய கொளத்துக் கர மேல போவுது. வூடுங்க கொளத்துக்குள்ள. ஆறடி ஆழத்துக்குக் கடக்கால் தோண்டணும்னு கேட்டேன், மேஸ்திரி நாலடி போதும்னான். வயித்துக்கோசரம் கம்முனு போட்டுட்டேன். கண்ண மூடுனா அந்த வூடுதான் எறங்கிக்கினே கீது சார்."

நவம்பர் மழையில் கூடத்துச் சுவர் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டது. ஜானு அதன்மேல் காலண்டரை மாட்டினாள். நேற்று பொன்னுரங்கம் பூத்திலிருந்து கூப்பிட்டார்.

"நாளைக்கு அம்மாவ கிச்சா சார் வூட்டுக்கு இட்டுக்கினு போயிர்றேன். வரமாட்டேன்னா தூக்கிக்கினு போவேன். நீ சாயங்காலம் அம்மா வூட்டுக்குப் போன் பண்ணு சார். யாரும் எடுக்கலேன்னா வெளிய வந்துட்டோம்னு வச்சுக்கோ."

நல்ல ஏற்பாடு என்றுதான் அப்போது பட்டது.

சென்னையில் இப்போது மாலை ஐந்து. கிச்சாவின் போன் காலையிலிருந்தே மழையில் செத்துக் கிடக்கிறது. ஜானுவின் வீட்டில் மணி அடிக்கிறது. கம்பி அறுந்திருந்தாலும் நமக்கு மணிச் சத்தம் கேட்கும் என்று கிச்சா என்றோ சொன்னது நினைவுக்கு வருகிறது.

யாரும் எடுக்கவில்லை. நான் இன்னும் வைக்கவில்லை.