பொற்கொடியக்கா நிரவிய கடலைக் குமிகள்

பொற்கொடியக்காவை நல்லவங்கன்னு சொல்லாத ஆள் கந்தர்வக்கோட்டைப் பக்கம் கெடையாது. எனக்கும் நல்லவங்கதான். அதுதான் எரிச்சலே.

திருப்பூர் போன புருஷன் போனவர்தான். ரெண்டு பொண்ணையும் கடலைக்காட்டுக் கூலியிலேயே கட்டிக்குடுத்தாங்க. ஆறு பொம்பளைகளை வேலைக்குக் கூட்டிட்டு வர்றதும் அவங்கதான். இங்கிட்டு செடியிலேர்ந்து கடலை ஆயிறதுக்குக் காசு கெடையாது. அவங்கவங்க ஆய்ஞ்ச குமியில பங்கு. அந்த ஆறு பேர்ல தங்கமுத்து அத்தைக்குக் கண்ணு மங்கல், கை ஓடாது. காட்டுக்காரர் வர்றதுக்குள்ள பொற்கொடியக்கா பெரிய குமியில அள்ளிச் சின்னக் குமியில கொட்டிருவாங்க. யாரும் கேக்க மாட்டாங்க.

என் ஆராய்ச்சிக்கும் நாள் சம்பளத்துக்கு அவங்களைத்தான் கூப்பிட்டேன். ஆறு கடலை ரகம், ஒவ்வொண்ணுக்கும் நாலு பாத்தி. அதுல ஒண்ணு மழை பொய்ச்சாலும் காய்க்குற புது ரகம். ரெண்டு வருஷம் விதை பெருக்கி, இந்த ஒரு அறுவடைக்காகத்தான் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தேன். பாத்திக்கு ஒரு குமியா ஆய்ஞ்சு வச்சப்ப, அன்னிக்குன்னு பார்த்து தராசுல பேட்டரி போச்சு. வாங்கிட்டு வந்து இருபத்துநாலு குமியையும் நிறுத்தேன். கணக்குப் போட்டா, ரகங்களுக்குள்ள குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அப்படியே எழுதி கைடுக்கு அனுப்பிட்டேன்.

போன வாரம் பக்கத்துக் காட்டுல களையெடுத்துக்கிட்டிருந்த அக்காகிட்டப் பேச நின்னேன். நீ பேட்டரி வாங்கப் போனப்ப குமியெல்லாம் ஒரே அளவா நெரவி வச்சோமேன்னு பேச்சோட பேச்சா சொன்னாங்க. நாள் சம்பளம்தானேக்கா, எதுக்குன்னு கேட்டேன்.

"தங்கமுத்து பாத்தியில காயே இல்ல பாப்பா. அவ மெதுவா ஆயிறான்னு நீ வேலையை விட்டு நிறுத்திப்புட்டா? வித்தியாசம் தெரியக்கூடாதுன்னுதான் பண்ணுனேன்."

நல்லா நாலு வார்த்தை கேட்டுப்புடணும்னு வாயைத் தெறந்தேன். கோபம் வரலை. அழுகையும் வரலை. சரிக்கான்னுட்டு வண்டியை எடுத்தேன்.

கைடுகிட்ட விஷயத்தைச் சொன்னேன். யாருக்கும் தெரியப்போறதில்ல, இருக்கிறபடி விட்டு டிகிரியை வாங்குன்னாரு கைடு. வித்தியாசம் இல்லைன்னே விட்டா அந்தப் புது ரகத்தை எவரும் விதைக்க மாட்டாங்க. முடிவைத் திரும்ப எடுத்தா மார்ச்சோட உதவித்தொகை நிக்குது, இன்னொரு அறுவடைக்கு வழியில்ல. முடிவைத் திரும்ப எடுக்குற படிவத்துல எடைகள் செல்லாதுன்னு எழுதுனேன். காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதுல பொற்கொடியக்கா பேரை எழுதலை.

நிறுக்கும் முன் குமிகள் கலந்துவிட்டன. அப்போது ஆராய்ச்சி மாணவி ஹேமா வயலில் இல்லைன்னு என் பேரைப் போட்டு எழுதி, கையெழுத்துப் போட்டேன்.