பொருந்தாத மூலைமட்டம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் தோட்டத்து லய வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபத்தை ஆறு மாதம் அடக்கி வைத்திருந்தேன். ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை வேலை. றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். வேலை நிரந்தரமாகாவிட்டால் நானும் அவளுக்குப் பக்கத்து நிரையில் கூடையோடு நிற்க வேண்டியதுதான். அது நிரந்தரமாவதற்கு இரண்டு பேர் மனம் வைக்க வேண்டும். பாடசாலை இன்ஸ்பெக்டர் என் பாடத்தைப் பார்த்து நல்லதாக எழுத வேண்டும். தலைமையாசிரியர் சிபாரிசில் கையெழுத்துப் போட வேண்டும்.

பள்ளியில் கட்டம் போட்ட கரும்பலகை ஒன்று இருந்தது. தலைமையாசிரியர் ஒரு விடுமுறை முழுவதும் வராந்தாவில் குந்தியிருந்து, வெள்ளைச் சாயத்தால் தானே கோடிழுத்தது. அழிந்துவிடும் என்று அதை அலுவலக அறையில் பூட்டி வைத்திருப்பார். கலியாணப் பட்டுச்சேலை மாதிரி, இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும்தான் அது வெளியே வரும். மற்ற நாட்களில் வெறும் பலகையில் குத்துமதிப்பாகத்தான் வரைவேன்.

அன்று காலை இன்ஸ்பெக்டர் கடைசி வாங்கில் உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தலைமையாசிரியர் கதவோரம் நின்றார். பட்டுச்சேலை சுவரில் சாய்ந்திருந்தது.

பக்கவாட்டில் ஒரு கட்டம் போனால் மேலே இரண்டு கட்டம் ஏறும் கோட்டை முதலில் வரைந்தேன். அதன் படித்திறன், அதாவது சாய்வு, இரண்டு. நிலைக்குத்து அச்சை அது ஒன்றில் வெட்டியது. சமன்பாடு y = 2x + 1 என்று பிள்ளைகளே சொன்னார்கள். பிறகு, அதே கோட்டில் (2, 5) என்ற புள்ளியினூடாக, அதற்குச் செங்கோணமாகப் போகும் செங்குத்துக் கோட்டைக் கேட்டேன். செங்குத்துக் கோடுகள் இரண்டின் படித்திறன்களைப் பெருக்கினால் −1 வரவேண்டும். ஆகவே புதிய கோட்டுக்கு −½. இரண்டு கட்டம் போனால் ஒரு கட்டம் இறங்கும். முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி எழுந்து வந்து y = −½x + 6 என்று எழுதினாள். கட்டங்களை எண்ணி நான் கோட்டை இழுத்தேன். பாடம் தேன் மாதிரி போய்க்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். மேசையில் கிடந்த, செங்கோணம் பார்க்கும் மரத்து மூலைமட்டத்தை எடுத்து, இரண்டு கோடுகளும் வெட்டிய இடத்தில் வைத்தார். பொருந்தவில்லை. ஒரு பக்கம் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்து நின்றது.

"கணக்குப் பிழையோ, மட்டம் பிழையோ டீச்சர்?"

மறுபடி பெருக்கிப் பார்த்தேன். −1 தான். புள்ளிகளை எண்ணினேன், அதுவும் சரி. பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவோரத்திலிருந்து தலைமையாசிரியரின் குரல் வந்தது. "புது டீச்சருங்க ஐயா. பயத்துல கை தடுமாறிருச்சு. அழிச்சிட்டு திரும்ப போடச் சொல்லுறேங்க."

அழித்துவிட்டு, கண்ணால் பார்த்துச் செங்கோணமாக ஒரு கோடு போட்டால் அத்தோடு முடிந்தது. மட்டம் பொருந்தும், கணக்குப் பொய்யாகும். என் பிள்ளைகள் எதை நம்புவார்கள்? ஆறு மாதக் கோபமும் தொண்டைக்கு வந்துவிட்டது. அந்தக் கோபத்தோடு பலகையை முறைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

வட்டம் வரைய வைத்திருந்த நூலை எடுத்தேன். பக்கவாட்டில் எட்டுக் கட்டத்துக்குப் பிடித்து, அதே நீளத்தை நிமிர்த்தி வைத்தேன். பத்துக் கட்டம் வந்தது.

"கை தடுமாறலைங்க ஐயா. கணக்கும் சரி, மட்டமும் சரி. இந்தக் கட்டம்தான் சதுரம் இல்லை. பலகைக்கு அகலம் கூட, உயரம் கம்மி. ரெண்டு பக்கத்தையும் இருபது இருபதா பிரிச்சிருக்கு. சதுரக் கட்டத்துல இதே ரெண்டு சமன்பாட்டையும் போட்டா மட்டம் பொருந்தும்."

இன்ஸ்பெக்டர் நூலை வாங்கி, தானே அளந்தார். பிறகு கேட்டார்: "இதை ஆர் கீறினது?"

விடுமுறையில் முற்றத்தில் விளையாட வந்தபோது, அவர் வராந்தாவில் கோடிழுத்ததை அத்தனை பிள்ளைகளும் பார்த்திருந்தார்கள். ஒருவரும் கதவுப் பக்கம் திரும்பவில்லை.

"நான்தானுங்க ஐயா," என்றார் தலைமையாசிரியர்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "தோட்டத்துப் பிள்ளையளுக்கு இது காணும் எண்டு நினைச்சீரோ?"

அவர் கெட்ட மனிதர் அல்ல, வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு தலைமையாசிரியரோடு நிற்கவில்லை. வாங்குகளில் இருந்த அத்தனை பேர்மீதும் விழுந்தது, என்மீதும்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போதும்னு நெனச்சிருந்தா லீவுல வீட்டுல படுத்திருப்பாருங்க ஐயா. கட்டம் போட்ட பலகை வேணும்னு எத்தனையோ தடவை கேட்டாச்சு, யாரும் அனுப்பலை. அதனாலதான் அவரே உக்காந்து போட்டாரு. அளவு தப்பு. அக்கறை தப்பு இல்லைங்க."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது உறைத்தது. இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றிருந்தது. நூலை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்து வகுப்புக்குப் போனார்.

அவருடைய கார் இறக்கத்தில் மறைந்ததும் தலைமையாசிரியர் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு போனேன்.

"என்னால உங்க வேலைக்கே உலை வச்சுக்கிட்டீங்களே டீச்சர்," என்றார்.

"காலையில நீங்க என்னை விட்டுக்கொடுத்தீங்க சேர். என்னால உங்கள அப்படி விட முடியலை."

அவர் மேசை லாச்சியைத் திறந்து சிபாரிசுத் தாளை எடுத்தார். இன்ஸ்பெக்டரின் அறிக்கை வந்த பிறகுதான் கையெழுத்து என்று ஆறு மாதமாகச் சொல்லிவந்த தாள். பேனாவை மையில் தோய்த்து, அப்போதே போட்டார்.

"அவரு என்ன எழுதினாலும் எழுதட்டும். நான் எழுதுறது இது."

இன்ஸ்பெக்டர் என்னைப் பற்றி நல்லதும் எழுதவில்லை, கெட்டதும் எழுதவில்லை என்பது பிறகு தெரிந்தது. அந்த ஒரு கையெழுத்தில்தான் என் வேலை நிலைத்தது. ஆனால் அன்று எனக்கு அது தெரியாது. மை காயும்வரை அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வகுப்புக்குப் போங்க டீச்சர்," என்றார். "புள்ளைங்க சத்தம் போடுறாங்க."