வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்

ஆஸ்பத்திரியில் என் மேசை கேஷுவாலிட்டி வாசலை ஒட்டி இருக்கிறது. பதினாறு வருடமாக அங்கே உட்கார்ந்து, ரோட்டில் அடிபட்டு வருகிறவர்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். டாக்டர் வேலை இல்லை, நர்ஸ் வேலையும் இல்லை, ரெக்கார்ட்ஸ் பிரிவு. ஸ்ட்ரெச்சர் உள்ளே போனதும் கூட வந்தவரைப் பிடித்து நிறுத்தி, பெயர், வயது, எங்கே, எப்படி, எதில் போனபோது என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதில் ஒரு தாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். வருடக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி மேலே அனுப்புவோம்: நடந்து போனவர்கள் இத்தனை பேர், சைக்கிள் இத்தனை, பைக் இத்தனை, ஆட்டோ, கார், பஸ் இத்தனை. செத்த பிறகும் ஆட்களை வரிசை பிரித்து உட்கார வைக்காவிட்டால் நம் ஊரில் யாருக்கும் தூக்கம் வராது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சைக்கிள்காரர்கள் நிறைய வருவார்கள். பிறகு சைக்கிள் குறைந்து பைக் வந்தது. இப்போது முதுகில் பெரிய பை மாட்டிய டெலிவரி ஆட்கள். கால் எலும்பு வெளியே தெரியும்போதும் ஆர்டர் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். காரில் வருகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் காலாலேயே நடந்து வந்து, கழுத்துக்கு ஒரு பட்டை வாங்கிக்கொண்டு, பில்லில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நடந்து போனவர்கள்தான் படுத்து வருவார்கள். எங்கள் ஆஸ்பத்திரி இருக்கிற ஓசூர் ரோட்டின் சட்டம் அப்படி.

எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு வேடிக்கை உண்டு. 'இரு சக்கர வாகனம்' என்று தட்டினால் அது ஒரே கேள்விதான் கேட்கும்: ஹெல்மெட் உண்டா, இல்லையா. 'பாதசாரி' என்று தட்டினால் ஏழு கேள்வி கேட்கும். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் கடந்தார், ஜீப்ரா கோடு எவ்வளவு தூரத்தில் இருந்தது, நடைபாதை இருந்ததா, அதில் நடந்தாரா என்று போகும். ஒன்றை விட்டாலும் அடுத்த பக்கம் திறக்காது. ஃபாக்டரிகளில் ஷிப்ட் மாறும் நேரம், வாசலில் மூன்று ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு நிற்கும்போது, நெற்றியைத் துணியால் பொத்திக்கொண்டு நிற்கிற, அடிபட்டவரின் மனைவியிடம் ஜீப்ரா கோட்டின் தூரத்தை விசாரிக்க எவனுக்கு மனசு வரும்? கேட்டாலும் அவளுக்கு என்ன தெரியும்? அங்கே ஜீப்ரா கோடே கிடையாது.

அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வண்டி என்று ஒன்று பக்கத்தில் கிடந்தால் வண்டிக் கேஸ். பால் கேனோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் சைக்கிள். வாழைப்பழ வண்டி தள்ளியவர் 'மற்றவை'. பஸ்ஸிலிருந்து இறங்கி, இரண்டு எட்டு வைப்பதற்குள் பைக் மோதி விழுந்த அம்மாவின் கையில் டிக்கெட் இருந்தது; அவர் பஸ் பயணி. மேசையில் கூட வேலை செய்த பெண்மணிக்கும் இதையே சொல்லிக் கொடுத்தேன். எங்கள் மேசையில் எந்த ஃபைலும் தேங்கவில்லை. சூப்பரின்டென்டென்ட் ஒரு மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

என் அண்ணன் ஹெப்பகோடியில் குடியிருந்தார். பக்கத்தில் ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டர். தெருமுனைக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போனாலும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டுதான் வண்டியை எடுப்பார். ராக்கெட்டில் போகிறவரா என்று அக்கம்பக்கத்தில் கிண்டல் செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் அதே கதை. மாதா கோயில் பெஞ்சில் அவருக்கும் அண்ணிக்கும் நடுவில் ஹெல்மெட்டுக்கு ஓர் இடம் உண்டு. என் தொழிலைப் பார்த்து அவருக்கு வந்த பயம் அது. நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டுவிட்டு, சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுவார்.

சென்ற வருடம் ஒரு காலை, பத்து மணி இருக்கும். அவருடைய வண்டியின் முன் சக்கரம் பஞ்சர். பஞ்சர் கடை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். வெயில் ஏறியிருந்ததால் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே டிவைடரில் கம்பியை வளைத்து ஜனங்களே ஒரு இடைவெளி உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். கார்மெண்ட்ஸ் ஃபாக்டரிக்குப் போகிற பெண்கள் எல்லாரும் அதன் வழியாகத்தான் கடக்கிறார்கள். அண்ணியும் அங்கேதான் டெய்லர். அந்த இடைவெளியில் அண்ணன் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பும்போது தண்ணீர் லாரி ஒன்று அவரைத் தட்டித் தள்ளிவிட்டுப் போயிற்று. பஞ்சர் கடைக்காரர் கண்ணெதிரே நடந்தது. ஹெல்மெட்டில் ஒரு கீறல் இல்லை.

ஆட்டோவில் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்தார்கள். நான் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே ஓடிவிட்டேன். மேசையில் இருந்த பெண்மணிக்கு அவர் என் அண்ணன் என்று தெரியாது. ஆட்டோக்காரரிடம் என்ன கேஸ் என்று கேட்டிருக்கிறார். "பைக்கு மேடம், தலையில ஹெல்மெட் ஒண்ணும் இல்ல" என்றிருக்கிறார் அவர். மேசையில் எப்போதும் நடப்பதுதான் நடந்தது. இரு சக்கர வாகனம், ஓட்டியவர். ஹெல்மெட்: இல்லை. மூன்றாம் நாள் அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகுதான் அண்ணி அந்தத் தாளைப் பார்த்தார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த நகல். நான் ஜீவனஹள்ளியில் இருக்கிற என் வீட்டிலிருந்து போயிருந்தேன். வார்டில் கொடுத்த பொருட்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார்; அதிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"இதப் பாருங்க தம்பி. வண்டி ஓட்டிக்கிட்டுப் போற ஆளு சாவிய சட்டப் பையிலயா போட்டுக்குவாரு? தள்ளிக்கிட்டு நடந்துதானே போனாரு. ஹெல்மெட் போடலன்னு எழுதியிருக்காங்களே, யாருன்னு நெனச்சு எழுதினாங்க?"

"விசாரிக்கிறேன் அண்ணி" என்றேன்.

"எனக்கு வேற எதுவும் வேணாம். அந்த ஒரு வரிய மாத்தச் சொல்லுங்க. அவராத் தேடிக்கிட்டாருன்னு நாளைக்கி யாரும் சொல்லக்கூடாது."

யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் தட்டிய விரல் அந்தப் பெண்மணியுடையது. தட்டச் சொன்னது நான். எழுதியதில் பொய் என்று எதைக் காட்டுவது? பைக் இருந்தது. தலையில் ஹெல்மெட் இல்லை. ஆனால் ஆயுளில் ஒரு நாள்கூட ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டாத மனிதரை அந்த இரண்டு வரியும் சேர்ந்து பொறுப்பில்லாதவராக்கிவிட்டன.

மாற்ற அலைந்தேன். பதிவைத் திருத்த அன்று டூட்டியில் இருந்த டாக்டரின் கையெழுத்து வேண்டும். அவர் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டார். போலீஸ் எழுதிக் கொடுத்தால் திருத்தலாம் என்றார்கள். ஸ்டேஷனுக்குப் போனேன். ஹெட் கான்ஸ்டபிள் எங்கள் ஆஸ்பத்திரித் தாளை எடுத்து மேசைமேல் போட்டு, "நீவே பரெது கொட்டிதீரல்லா சார்?" என்றார். நீங்களே எழுதிக் கொடுத்ததுதானே என்று கன்னடத்தில் கேட்கிறார். பஞ்சர் கடைக்காரர் சாட்சி சொல்வாரே என்றேன். அவர் இப்போது எங்கே என்று கேட்டார். ரோட்டோரக் கடைகளை எல்லாம் காலி பண்ணிவிட்டார்கள். அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. மாதங்கள் ஓடின. அண்ணி போனில் கேட்கும்போதெல்லாம், நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி வந்தேன்.

இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசைக்குப் பிறகு, அண்ணியின் கோயில் ஹாலில் சாலைப் பாதுகாப்புக் கூட்டம் வைத்தார்கள். டிராபிக் அதிகாரி ஒருவர் வந்திருந்தார். நல்ல மனிதர், கன்னடமும் தமிழும் கலந்து பொறுமையாகப் பேசினார். திரையில் கட்டமும் கோடுமாகக் காட்டினார். நம் பகுதியில் நடந்து போகிறவர்களின் சாவு வருடா வருடம் குறைகிறது, ஹெல்மெட் இல்லாத சாவு கூடுகிறது என்றார். ஹெல்மெட் என்ற சொல் வந்ததும் முன்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் திரும்பி அண்ணியைப் பார்த்தன. அவர் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

கார்மெண்ட்ஸ் பெண் ஒருத்தி எழுந்து, டிவைடர் இடைவெளியில் சிக்னல் கேட்டு நாங்கள் மனு கொடுத்தோமே, என்ன ஆயிற்று என்று கேட்டாள். அதிகாரி ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். அந்த இடத்தில் நடந்து போனவர் யாரும் இறந்ததாக ரெக்கார்டில் இல்லை, அதனால் முன்னுரிமைப் பட்டியலில் வரவில்லை என்றார்.

அண்ணி எழுந்தார். கூட்டத்தில் வாயே திறக்காதவர். வண்டிச் சாவியைத் தூக்கிப் பிடித்தார்.

"எங்க வீட்டுக்காரரு அங்கதான் சார் செத்தாரு. நடந்துதான் போனாரு."

"ரெக்கார்டுல ஏனிதெயம்மா?" என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார். ரெக்கார்டில் என்ன இருக்கிறது என்று அர்த்தம். அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் இருக்கிறவன், விஷயம் தெரிந்தவன், தம்பி பேசுவான் என்று பார்த்தார்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். எழுந்தால் அண்ணன் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார முடியாது. அந்தத் திரையில் குறைந்துகொண்டே வந்த கோட்டைப் பார்த்தேன். அது நான் போட்ட கோடு. பால்காரரும் வாழைப்பழ வண்டிக்காரரும் டிக்கெட்டோடு விழுந்த அம்மாவும் அந்தக் கோட்டுக்கு அடியில் கிடந்தார்கள். எங்கள் ஒரு மேசையால் அவ்வளவும் ஆகியிருக்காது. இந்த ரோடு நெடுகிலும் எத்தனை மேசையில் எத்தனை பேர் என்னைப்போல் புத்திசாலியாக இருந்தார்களோ. தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணி தானாக உட்கார்ந்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் நடந்துகொண்டது வேறு எப்போதும் இல்லை.

மறுநாள் சூப்பரின்டென்டென்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய பதிவுகளில் சிலவற்றை எடுத்துக் காட்டினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எல்லா வருஷமும் அனுப்பி முடிச்சாச்சுப்பா. பாதசாரி சாவு கொறஞ்சதுன்னு மேல எல்லாருக்கும் சந்தோஷம். இப்ப உங்க அண்ணனுக்காக ஒரு வரிய மாத்தினா, மத்த வரியெல்லாம் என்னன்னு கேப்பாங்க. வேலை வேணுமா, வேணாமா?"

எனக்கு வேலை வேண்டும். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். வெளியே வந்து, இனிமேலாவது ஒழுங்காகச் செய்யலாம் என்று மேசைப் பெண்மணியிடம் சொன்னேன். நடந்தாரா, ஓட்டினாரா என்று முதலில் கேளுங்கள், ஏழு கேள்வியையும் நிரப்புங்கள் என்றேன். இரண்டு வாரம் நிரப்பினோம். மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, கம்பெனி பஸ் ஒன்று கவிழ்ந்து வரிசையாக ஆட்கள் வந்தார்கள். அந்த நெருக்கடியில், பெட்ரோல் தீர்ந்த ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போன ஒருவரும் வந்தார். அவர் மகள் அழுதுகொண்டே முழுவதையும் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே 'இரு சக்கர வாகனம்' என்று தட்டினேன். தட்டிய பிறகு திருத்தவும் இல்லை. பின்னால் பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் அண்ணி என் வீட்டுக்கு வந்தார். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு. தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டார்.

"மாத்திட்டாங்களா தம்பி?"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் கையில் அந்தச் சாவி இருந்தது.

"மாத்தியாச்சு அண்ணி. நடந்து போனவர்னு போட்டாச்சு. ஹெல்மெட் வரியே இப்ப கிடையாது."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அப்போ ரெக்கார்டுல ஏறிடுச்சு. இனிமே அங்க சிக்னல் போட்டுடுவாங்க இல்ல?"

"போட்டுடுவாங்க அண்ணி."

ஃபாக்டரிப் பெண்கள் இரண்டாவது மனுவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்களாம். அண்ணி போய், இனி அதெல்லாம் வேண்டாம், ரெக்கார்டிலேயே ஏறிவிட்டது, என் கொழுந்தன் ஆஸ்பத்திரியில் இருந்து முடித்துக் கொடுத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்கள். இப்போது எல்லாரும் சிக்னலுக்காகக் காத்திருக்கிறார்கள். கையைக் கோத்துக்கொண்டு, லாரிகளுக்குக் கை காட்டி, அந்த இடைவெளியில் கடக்கிறார்கள். அண்ணியின் ஷிப்ட் எட்டரைக்கு. அந்த நேரத்தில் வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்து நின்றால், நான் முதலில் எழுந்து போய் முகத்தைப் பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் எதில் போனபோது என்று கேட்கிறேன்.