சென்னம்மாளின் நெற்றி

வருஷத்துக்கு ஒருமுறை, மனைவி இறந்த நாளில், சின்னுசாமி ஓர் ஈர்க்குச்சியின் நுனியைக் கடைவாயில் வைத்து மெல்லுவார். நுனி பஞ்சானதும் வேட்டியில் துடைத்து, நீரில் குழைத்த குங்குமத்தில் தொட்டு, கட்டைவிரல் நகத்தில் ஒருதரம் ஒற்றி அதிகப்படியை எடுத்துவிடுவார். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அட்டைச் சட்டத்துக்குள் இருக்கும் ஃபிலிமில், குன்றிமணி அளவு முகத்தின் நெற்றியில் வைப்பார். எல்லார் வீட்டிலும் போட்டோக் கண்ணாடிமேல் பொட்டு வைப்பதைப் போலத்தான். அவரிடம் கண்ணாடி போட்ட போட்டோ இல்லை. சென்னம்மாள் இருந்தது ஒரே ஒரு ஸ்லைடில்.

இருபத்தெட்டு வருஷத்துப் பொட்டு. வைக்க வைக்கப் பரவி, நெற்றி, புருவ மத்தி, மூக்குத்தண்டு எல்லாம் ஒரு சிவப்புத் திட்டாகிவிட்டன.

அவர் மலைமேல் அரியூர் நாட்டுக்காரர். இளவயதில் தோட்டக்கலை அதிகாரி ஒருவருக்கு உதவியாளாக ஜீப்பில் போனார். ஊர் ஊராக வேட்டியைத் திரையாகக் கட்டி, மிளகுக்கொடி வாடல்நோயை ஸ்லைடு போட்டுக் காட்டும் வேலை. ஒவ்வொரு ஃபிலிம் சுருளிலும் கடைசியில் மிஞ்சும் ஒன்றிரண்டைத் சின்னுசாமி தனக்கென்று வைத்துக்கொள்ள அதிகாரி விட்டிருந்தார். அப்படிச் சேர்ந்தவை முந்நூற்றுப் பத்து. முக்கால்வாசி வாடிய இலைகள். ஒன்றில் சென்னம்மாள்.

வாசலூர்பட்டி ஏரிப் பக்கம் என் போட்டோக் கடை. முள்ளுக்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் மலை ஏறி வருவேன். போன வருஷம் தை மாதத்தில் அவர் மகள் விஜயாவோடு ஸ்லைடுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது.

"ஏனுங்க தம்பி, இவ மூஞ்சிய டிவி அளவுக்குப் பெருசாப் பாக்கோணும். கண்ணு இருக்கறப்பவே."

ஸ்லைடை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். "திட்டு மறைக்குதுங்க. மருந்து இருக்குது, பஞ்சுல தொட்டுத் துடைச்சா..."

"துடைக்கறதுங்களா?" ஸ்லைடை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "சுமங்கலியாப் போனவ சாமி. அவ பொட்டை நான் அழிக்கறதுங்களா?"

கையால் தொடாமல் பொட்டை எடுக்க வேண்டும் என்றானது. அதற்கு மெஷின் தேடினேன். மூன்று வகை கிடைத்தது. சின்னப்பெட்டி ஒன்று, உள்ளே கேமரா, ஐந்து நொடிக்கு ஒரு படம், இருட்டுப்பகுதியெல்லாம் தார் பூசினது போல வரும். இரண்டாவது, ஜெராக்ஸ் மாதிரிக் கண்ணாடிமேல் வைத்து மூடுவது. மூடியிலும் விளக்கு இருக்கும், பன்னிரண்டு ஸ்லைடு ஒரே தடவையில். மூன்றாவது ஃபிலிமுக்கென்றே உள்ளது. ஒன்று எடுக்கவே சில நிமிஷம் ஆகும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஒளியை அனுப்பி, தூசியும் அழுக்கும் எங்கே என்று கண்டுபிடித்து, படத்தில் மட்டும் நீக்கிவிடும். ஸ்லைடு அப்படியே இருக்கும்.

ஒன்றரை மாதம் இதையே படித்தேன். அவர் வாரம் ஒருதரம் மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு பஸ் ஏற வரும்போது எட்டிப்பார்ப்பார்.

"பொண்ணு பாக்கறவன்கூட இத்தனை நாள் இழுக்கமாட்டான். பொஸ்தகத்தை மூடி வெச்சுட்டு ஒண்ணை முடிவு பண்ணு கண்ணு."

"அவனுக்குப் பொண்ணே பாத்தபாடில்ல, மெஷினு எங்க பாக்கறது" என்றார் கூட வந்திருந்த விஜயா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்றாவதைத்தான் வாங்கினேன். சேலத்தில் மூடிவிட்ட ஸ்டுடியோ ஒன்றிலிருந்து, பழையது.

பங்குனியில் ஒரு காலை, இருவரையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். படம் மேலிருந்து வரிவரியாக இறங்கியது. பின்னால் சில்வர் ஓக் மரம், பச்சைக் கண்டாங்கி, கழுத்தில் பாசி. பொட்டு இல்லை. நெற்றி இருந்தது, புருவம் இருந்தது. நல்ல முகம். பெருமையாக இருந்தது எனக்கு.

சின்னுசாமி நாற்காலியை இழுத்துத் திரைக்கு ஒரு சாண் கிட்டே போனார்.

"தழும்பு எங்கீங்க?"

"என்ன தழும்புங்க?"

"ரெண்டு புருவத்துக்கு மத்தியில. கல்யாணமான மாசம், மொளகு பறிக்க மூங்கில் ஏணியில ஏறுனா. கீழ புடிச்சுட்டு இருந்தது நான்தானுங்க. காலை எறும்பு கடிச்சுதுன்னு ஒரு கையை விட்டேன். சறுக்கிருச்சு. அந்த எடத்துலதானுங்க பொட்டு வெப்பேன்."

பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். வழவழவென்று தோல்.

"படத்துல இல்லீங்க" என்றேன்.

விஜயாவுக்கு அம்மா போகும்போது நாலு வயது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "இத்தனை வருஷமா ஏணிக் கதை சொன்னீங்களேப்பா. வேற எவ நெத்தியோ?"

அவர் சிரிக்கவில்லை. தன் விரலைத் திரையில் அந்த இடத்தில் வைத்துத் தடவினார்.

"மெஷினு பொய் சொல்லாதுங்களே" என்றார். "நான்தான் மாத்தி நெனச்சுட்டு இருந்திருக்கறேன்."

அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். அதன்பிறகும் கடைக்கு வந்தார். சென்னம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஊட்டுலயும் அப்படித்தான். கேட்டா, எனக்கு ஒண்ணும் சரியா ஞாபகமில்லைங்கறாரு. நான் அன்னைக்கு வாயை வெச்சிருக்கப்படாது" என்று விஜயா ஒருநாள் சொன்னார். நான் ஸ்லைடுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் இறந்துபோனார். சுவரில்தான் பெரிய படம் இருக்கிறதே என்று, விஜயா அந்த ஸ்லைடை அவர் சட்டைப்பையில் வைத்துப் புதைக்கக் கொடுத்துவிட்டார்.

கார்த்திகையில் வேறொருவர் தன் குடும்ப ஸ்லைடுகளைக் கொண்டுவந்தார். ஒன்றில், ஒரு பையன் சட்டைமேல் ஈயின் எச்சம் பட்டிருந்தது. மெஷின் அதை நீக்கியது. சட்டையில் ஒரு பொத்தானையும் காணோம். நீக்கும் வசதியை அணைத்துவிட்டு, எச்சத்தை மருந்தால் துடைத்து மறுபடி எடுத்தேன். பொத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் மெஷினோடு வந்த சிறுபுத்தகத்தைக் கடைசிவரை படித்தேன். அழுக்குக்கு அடியில் என்ன இருக்கிறதென்று அந்த மெஷின் பார்ப்பதில்லை. சுற்றி இருக்கும் நிறத்தை எடுத்து அந்த இடத்தை நிரப்புகிறது.